பதினேழு வயதில் ஓட்டிய கார்

வெறுப்பு இயக்கத்தில் இளமையைக் கழித்தவர் பின்னாளில் ஒரு நிறுவனத்தின் தலைவரானால், அந்தப் பழைய கணக்கை எடுத்துப் பார்க்கலாமா, கூடாதா?

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரம். இரவில் ஒரு கார் 'வெஸ்ட் எண்ட்' யூத ஜெப ஆலயத்தை நெருங்குகிறது. உள்ளே இருவர். ஒருவர் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் டென்னசிப் பிரிவு ஒன்றின் தலைவர். கையில் டெக்-9 ரகத் துப்பாக்கி. ஓடும் காரிலிருந்தே ஆலயத்தை நோக்கிச் சுடுகிறார். தெருவைப் பார்த்த கண்ணாடி நொறுங்குகிறது. ரபியின் அறையை ஒட்டிய அலுவலகப் பகுதியில் குண்டுகள் பாய்கின்றன. நல்லவேளையாக யார் மீதும் படவில்லை. கார் நிற்காமல் போய்விடுகிறது. அதை ஓட்டியவனுக்கு வயது 17. பெயர் டேமியன் பேட்டன்.

அதே டேமியன் பேட்டன் 2020இல் 'பேன்ஜோ' என்ற தொழில்நுட்ப நிறுவனத்தின் நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி. ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 2015இல் அவரை நம்பிச் சுமார் 10 கோடி டாலர் போட்டிருந்தது. 2019இல் யூட்டா மாநில அரசு அந்த நிறுவனத்தோடு ஐந்தாண்டுகளுக்கு 2.07 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. சாலைச் சந்திப்புகளில் உள்ள கேமராக்கள், பொதுக் கட்டடங்களின் கண்காணிப்புக் கேமராக்கள், 911 அவசர அழைப்புத் தகவல்கள், அரசு வாகனங்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் ஆகியவற்றைப் பேன்ஜோவின் மென்பொருளுக்குத் திறந்துவிடுவது ஒப்பந்தத்தின் சாரம். இவற்றைச் சமூக ஊடகப் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்து, எங்கே குற்றம் நடக்கிறது, எங்கே ஆபத்து என்று காவல்துறைக்கு அந்த நொடியே சொல்லிவிடும் என்பது நிறுவனம் கொடுத்த வாக்கு.

2020 ஏப்ரல் இறுதியில் 'ஒன்ஜீரோ' இதழ் பழைய நீதிமன்ற ஆவணங்களை வெளியிட்டது. துப்பாக்கிச் சூட்டில் தன் பங்கைப் பேட்டன் சிறார் குற்றமாக ஒப்புக்கொண்டிருந்தார். பின்னர் கிளான் தொடர்பான வழக்கில் சாட்சிக் கூண்டேறி, கறுப்பின மக்களும் யூதர்களும் அமெரிக்காவைக் கைப்பற்றுகிறார்கள் என்று தாங்கள் நம்பியதாகச் சத்தியப் பிரமாணத்தின்மீது சொல்லியிருந்தார். செய்தி வந்த வேகத்தில் யூட்டா அரசு ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. யூட்டா பல்கலைக்கழகமும் அப்படியே செய்தது. மே மாதம் பேட்டன் பதவி விலகினார்.

தன் கடந்த காலத்துக்காக வெட்கப்படுவதாக அவர் அறிக்கை விட்டார். வீட்டில் கொடுமை, பதின்வயதில் தெரு வாழ்க்கை, பசியும் பயமுமாக அலைந்தவனுக்குச் சோறும் கூட்டமும் கொடுத்தவர்கள் மொட்டைத்தலை நாஜிக் கும்பல்கள் என்றார். அதை நான் நம்புகிறேன். வெறுப்பு இயக்கங்கள் ஆள் பிடிப்பது இப்படித்தான். பையனுக்குக் கொள்கை பிறகுதான் வருகிறது. முதலில் கிடைப்பது ஒரு படுக்கை, ஒரு புனைபெயர், தன்னைத் தேடும் நாலு பேர்.

அப்படியானால் அவரைப் போகச் சொன்னது அநியாயமா? என் பதில்: அநியாயம் இல்லை. ஆனால் 1990இல் கார் ஓட்டியதற்காக அவர் போயிருந்தால் அது அநியாயம். இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்மோலாண்ட் பண்ணை

இதே கேள்வி உலகின் மிகப் பெரிய மரச்சாமான் வியாபாரியின் வீட்டு வாசலிலும் நின்றது. அங்கே அதற்குக் கிடைத்த விடை வேறு.

இங்வர் காம்பிராட் 1926இல் பிறந்தார். தெற்குச் சுவீடனில் ஸ்மோலாண்ட் வட்டாரத்தில், அகுன்னரிட் என்ற ஊருக்குப் பக்கத்தில் எல்ம்டரிட் என்ற பண்ணை அவர்களுடையது. அவருடைய தாத்தா ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வந்து அந்த நிலத்தை வாங்கியவர். கடன் முடைக்கு வங்கி கைவிரித்தபோது துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்துபோனார். வேற்று நாட்டில், பாஷை தெரியாத ஊரில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு பண்ணையை இழுத்துப் பிடித்து நிறுத்தியவர் பாட்டி ஃபானி. பேரனின் மீது உயிர். அவருக்கு ஹிட்லர் மீதும் பக்தி. ஜெர்மனியிலிருந்து வரும் பிரச்சார இதழ்களைப் பேரனுக்குக் காட்டியவரும் அந்தப் பாட்டிதான். தந்தையும் அதே நம்பிக்கை உள்ளவர். அந்த வீட்டில் ஹிட்லர் ஒரு தூரத்து உறவினர் மாதிரி பேசப்பட்டார் என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

1943இல் காம்பிராடுக்கு 17 வயது. அந்த ஆண்டுதான் ஐகியாவைத் தொடங்கினார். தன் பெயர், குடும்பப் பெயர், பண்ணை, ஊர் ஆகியவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கம்பெனிக்குப் பெயர் வைத்தார். அதே ஆண்டில் லிண்ட்ஹோல்ம் தலைமையிலான சுவீடன் நாஜிக் கட்சியின் உறுப்பினராகவும் இருந்தார். உறுப்பினர் எண் 4014. சுவீடன் பாதுகாப்புப் போலீஸ் அவர் பேரில் ஒரு கோப்பைத் திறந்து, மேலே 'நாஜி' என்று எழுதி வைத்தது.

அடுத்த ஆண்டு அந்தப் பண்ணைக்கு வேலைக்கு வந்தான் ஓட்டோ உல்மன். வியன்னாவைச் சேர்ந்த யூதச் சிறுவன். 1939இல், 13 வயதில், பெற்றோர் அவனைச் சுவீடனுக்கு ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள். தாங்களும் பின்னால் வந்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் மகனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 500க்கும் மேற்பட்ட கடிதங்கள். சாப்பிட்டாயா, படிக்கிறாயா, குளிருக்குத் துணி இருக்கிறதா என்று கேட்கும் கடிதங்கள். கடைசிக் கடிதங்கள் தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்து வந்தன. அதற்குப் பிறகு வரவில்லை. பெற்றோர் இருவரும் திரும்பவில்லை.

ஓட்டோவும் இங்வரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். ஐகியாவின் ஆரம்ப நாட்களில் ஓட்டோ அங்கே வேலையும் பார்த்தார். தாயையும் தகப்பனையும் நாஜிகளிடம் இழந்துகொண்டிருந்த நண்பனோடு பழகிக்கொண்டே, சுவீடன் பாசிஸ்டுகளின் தலைவர் பெர் எங்டாலின் கூட்டங்களுக்கும் இங்வர் போய்வந்தார். இரண்டையும் ஒரே நெஞ்சில் எப்படி வைத்திருந்தார் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

போர் 1945இல் முடிந்தது. முகாம்களின் படங்கள் உலகத்துக்கே தெரிந்தன. 1950இல் காம்பிராடுக்குத் திருமணம். விருந்தினர் பட்டியலில் எங்டால் இருந்தார். அப்போது மாப்பிள்ளைக்கு வயது 24. பாட்டி மடியில் கேட்ட கதை என்று இதைச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டே, 1951இல், ஐரோப்பாவில் மிச்சமிருந்த பாசிஸ்டுகளை எல்லாம் மால்மோ நகரில் கூட்டி ஒரு சர்வதேச இயக்கம் தொடங்கியவர் அந்த எங்டால்.

எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு மட்டும்

எங்டால் 1994 மே மாதம் இறந்தார். அவருடைய கடிதங்கள் வெளியே வந்தன. அதே ஆண்டு நவம்பரில் 'எக்ஸ்பிரஸ்ஸன்' நாளிதழ் காம்பிராடின் தொடர்பைப் போட்டு உடைத்தது. அவர் மறுக்கவில்லை. ஐகியா ஊழியர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதி, இது தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தோல்வி என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போட்டு ஆதரவுக் கடிதம் அனுப்பினார்கள். 1998இல் வெளிவந்த ஐகியா வரலாற்று நூலிலும் இதைப் பற்றிப் பேசினார். உலகம் ஏற்றுக்கொண்டது. 2001இல் இஸ்ரேலின் நெதன்யா நகரில் ஐகியா கடை திறந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் காம்பிராடை மன்னிக்கப்பட வேண்டியவருக்கு முன்மாதிரியாக நானே காட்டியிருப்பேன். 2011இல் சுவீடன் பத்திரிகையாளர் எலிசபெத் ஓஸ்பிரிங்க், ஓட்டோ உல்மனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அந்த ஆண்டின் சிறந்த புனைவல்லாத நூலுக்கான ஆகஸ்ட் விருது அதற்குக் கிடைத்தது. 4014 என்ற உறுப்பினர் எண்ணும், போலீஸ் கோப்பும் அந்த நூலில்தான் முதன்முதலாக வெளிவந்தன. 1994இல் அவர் சொல்லாமல் விட்டவை இவை. யாருக்கு எவ்வளவு தெரியவந்ததோ, அவ்வளவுக்கு மட்டும் மன்னிப்பு கேட்டிருக்கிறார்.

இதைவிடக் கனமானது ஒன்று உண்டு. ஓஸ்பிரிங்க் 2010இல் அவரை நேரில் கண்டு பேசியபோது, எங்டால் ஒரு மாமனிதர், நான் உயிரோடு இருக்கும்வரை அதைச் சொல்வேன் என்ற பொருளில் காம்பிராட் பேசினார். ஓட்டோவின் நட்புக்கும் அந்த அரசியலுக்கும் தனக்கு முரண்பாடு தெரியவில்லை என்றும் சொன்னார். அப்போது அவருக்கு வயது 84. நூல் வந்த பிறகு அவருடைய தரப்பு, அவர் இதற்கெல்லாம் ஏற்கெனவே மன்னிப்பு கேட்டுவிட்டார் என்று முடித்துக்கொண்டது. 2018 ஜனவரியில், 91 வயதில், உலகம் போற்ற அவர் இறந்தார்.

பதினேழு வயதுப் பையனின் உறுப்பினர் அட்டை எனக்குப் பொருட்டே இல்லை. எண்பத்து நான்கு வயதுக் கிழவரின் வாக்கியம் பொருட்டு. வளர்ந்த மனிதன் தன் இளமையைப் பற்றி என்ன சொல்கிறான் என்பது இளமைக்குச் சேராது. அது இன்றைய குணம். நிறுவனத்தின் இயக்குநர்களும், ஊழியர்களும், வாடிக்கையாளர்களும் எடைபோட உரிமை உள்ள விஷயம்.

காம்பிராடை யாரும் பதவியிலிருந்து இறக்கவில்லையே என்று கேட்கலாம். யார் இறக்குவது? 1986இலேயே அன்றாட நிர்வாகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஆலோசகர் என்ற பெயரோடு இருந்தார். கம்பெனியின் உடைமை 1982லிருந்து நெதர்லாந்தில் ஓர் அறக்கட்டளையின் கீழ் இருந்தது. பங்குச் சந்தை இல்லை, கேள்வி கேட்கும் பங்குதாரர் கூட்டம் இல்லை. பேட்டனுக்கோ முதலீட்டாளர்கள் இருந்தார்கள், அரசு ஒப்பந்தம் இருந்தது. அவர் பத்து நாளில் தடுமாறியதற்கும் இவர் அசையாததற்கும் குற்றத்தின் அளவு காரணம் இல்லை. உடைமையின் அமைப்புதான் காரணம். ஒழுக்கக் கேள்விகளுக்கு வணிக உலகில் பெரும்பாலும் இப்படித்தான் விடை கிடைக்கிறது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். காம்பிராடின் உறுப்பினர் எண்ணைத் தேடிய அளவுக்கு ஐகியாவின் பழைய கொள்முதல் ரசீதுகளை யாரும் நீண்ட காலம் தேடவில்லை. 1970, 80களில் கிழக்கு ஜெர்மனியில் ஐகியாவுக்குப் பொருள் செய்து கொடுத்த தொழிற்சாலைகள் சிலவற்றில் அரசியல் கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள். நிறுவனமே ஏற்பாடு செய்த தணிக்கை 2012இல் இதை உறுதி செய்தது. ஐகியா நிர்வாகிகள் சிலருக்கு இப்படி நடக்கலாம் என்பது தெரிந்திருந்தது என்றும் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு 60 லட்சம் யூரோ தருவதாக ஐகியா ஜெர்மனி அறிவித்தது 2024இல்தான். ஒரு தொழிலதிபரை எடைபோட வேண்டுமானால் அவர் தொழில் செய்த ஆண்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இளமைக்காலச் செய்தியில் பரபரப்பு அதிகம். ரசீதுகளில் உண்மை அதிகம்.

இடதுசாரிகளுக்கு வேறு தராசா?

வலதுசாரித் தீவிரவாதம் என்றால் பாய்கிறீர்கள், இடதுசாரி என்றால் விட்டுவிடுகிறீர்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது.

ஜோஸ் மானுவல் பரோசோ, போர்ச்சுகலில் 1974 புரட்சிக்குப் பிந்தைய நாட்களில் மாவோயிஸ்ட் மாணவர் தலைவர். பிறகு மையவலதுக்கு வந்து பிரதமரானார். 2004 முதல் பத்தாண்டு ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர். 2016இல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் சர்வதேசப் பிரிவுக்குத் தலைவர். அந்த நியமனத்துக்கு ஐரோப்பாவே கொதித்தது. ஆனால் எல்லோரும் கேட்டது ஆணையத் தலைவர் வங்கிக்குப் போகலாமா என்பதைத்தான். மாவோ பெயரில் கோஷம் போட்டவர் வங்கிக்கு வரலாமா என்று கேட்டவர்கள் குறைவு. ஜெர்மனியின் யோஷ்கா ஃபிஷர் 1973இல் பிராங்க்ஃபர்ட் தெருவில் ஒரு போலீஸ்காரரை அடிக்கும் புகைப்படங்கள், அவர் வெளியுறவு அமைச்சராக இருந்த 2001இல் வெளிவந்தன. நாடாளுமன்றத்தில் எழுந்து ஒப்புக்கொண்டார். அடிவாங்கிய போலீஸ்காரரிடமே மன்னிப்பு கேட்டார். 2005வரை அமைச்சராக இருந்தார்.

ஃபிஷர் விஷயத்தில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு காரியம்: அடிபட்டவரிடம் கேட்டது. மன்னிப்பு ஊரார் கொடுக்கும் பொருள் இல்லை. நாஷ்வில் ஆலயத்துக்காரர்கள் கொடுக்க வேண்டியதை முதலீட்டாளர்கள் கொடுக்க முடியாது. ஓட்டோ உல்மன் கொடுக்க வேண்டியதை ஐகியா ஊழியர்கள் ஆதரவுக் கடிதம் எழுதிக் கொடுக்க முடியாது.

வயது வந்தவர்களின் கொடுமையை இளமைக் கணக்கில் சேர்ப்பதும் தப்பு. ஃபிரிட்ஸ் டெர் மேர் என்பவர் ஐ.ஜி. ஃபார்பன் ரசாயன நிறுவனத்தின் உயரதிகாரி. ஆஷ்விட்ஸை ஒட்டி அடிமை உழைப்பால் எழுந்த தொழிற்சாலையோடு தொடர்புள்ளவர். நியூரம்பெர்க் நீதிமன்றம் 1948இல் ஏழாண்டுச் சிறை கொடுத்தது. முழுதாகக் கழிக்காமலே வெளியே வந்து, 1956இல் பேயர் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுத் தலைவராக உட்கார்ந்தார். அவர் நாஜிகளோடு கைகோத்தபோது ஐம்பதைத் தாண்டியவர். அவருக்குப் பதவி கொடுத்ததை மறுவாழ்வு என்று யாராவது சொன்னால் அதை ஏற்க முடியாது.

பதினேழு என்ற வயது

பேட்டனின் நாட்டிலேயே, 2005இல், உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. 18 வயதுக்குக் கீழ் குற்றம் செய்தவருக்கு மரண தண்டனை கூடாது என்றது. அந்த ரோப்பர் வழக்கில் குற்றவாளி கொலை செய்தபோது வயது 17. அந்த வயதில் நிதானம் குறைவு, கூட்டாளிகளின் நிர்ப்பந்தத்துக்கு வளைவது அதிகம், குணம் இன்னும் உறையவில்லை என்பவை நீதிபதிகள் சொன்ன காரணங்கள். கொலைகாரனுக்கே இது பொருந்துமானால், கார் ஓட்டியவனுக்கும் உறுப்பினர் அட்டை வாங்கியவனுக்கும் கட்டாயம் பொருந்தும்.

இன்னொரு சான்றும் உண்டு. பாஸ்டன் நகரில் 1940களில் க்ளூக் தம்பதியர், சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 பையன்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அந்தக் காகிதங்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்ற இரு ஆய்வாளர்கள் தூசி தட்டி எடுத்து ஆராய்ந்தார்கள். குற்றப் பாதையிலிருந்து விலகியவர்களைப் பெரிதும் விலக்கியவை இரண்டு: நிலையான வேலை, நல்ல மண வாழ்க்கை. வேலைதான் மனிதனைத் திருப்புகிறது என்றால், வேலையைப் பறிப்பது அவனைப் பழைய கும்பலிடமே திருப்பி அனுப்புவதாகும். ஜெர்மனியில் 2000இல் தொடங்கிய 'எக்சிட்' அமைப்பு, நாஜிக் கும்பல்களிலிருந்து வெளியேற விரும்புவோருக்கு ஊர் மாறவும், வேலை தேடவும், புது வாழ்க்கை அமைக்கவும் உதவுவது இதனால்தான். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் முன்னாள் போலீஸ் அதிகாரி, இன்னொருவர் முன்னாள் நியோ-நாஜித் தலைவர்.

நம் நாட்டுச் சட்டமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர், பழைய அடிதடி வழக்கை விண்ணப்பத்தில் சொல்லவில்லை என்று நிராகரிக்கப்பட்டார். 2011இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இளமையில் தவறுவது இயல்பு, வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி முத்திரை குத்தக் கூடாது என்றது. 2016இல் அவ்தார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைத் தெளிவாக்கியது. விண்ணப்பத்தில் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சிறு விஷயத்தை மறைத்திருந்தால் நிர்வாகம் பொறுத்துக்கொள்ளலாம். கனமான குற்றத்தை மறைத்திருந்தால் வேலையை ரத்து செய்யலாம். வேலையின் தன்மையையும் பார்க்க வேண்டும்.

ஆனால் நடைமுறையில் இந்தக் கருணை யாருக்குக் கிடைக்கிறது? தமிழ்நாட்டில் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வும் உடல்தகுதியும் தாண்டி வரும் பையன், கிராமத்துத் தகராறு ஒன்றில் பெயர் சேர்க்கப்பட்டு, 'சந்தேகத்தின் பலன்' அளிக்கப்பட்டு விடுதலையாகியிருந்தாலும் போலீஸ் வெரிஃபிகேஷனில் விழுந்துவிடுகிறான். விதி அப்படி இருக்கிறது. அமெரிக்காவில் வேலை விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்ற கட்டத்தில் குறியிட்டவரின் விண்ணப்பம் பல இடங்களில் அங்கேயே ஓரங்கட்டப்படும். அந்தக் கட்டத்தை எடுக்க வேண்டும் என்று 1998இல் ஹவாய் மாநிலம் சட்டம் போட்டு ஆரம்பித்து வைத்த இயக்கம் இன்றும் நடக்கிறது. கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்குப் பழைய வழக்கைத் தோண்டும் உலகம், ஒரு மாநிலத்தின் கேமராக்களை எல்லாம் ஒப்படைக்கும் முன்பு அந்த நிறுவனரின் பெயரைப் பழைய வழக்கு ஆவணங்களில் தேடிப் பார்க்கவில்லை. இதுதான் என்னைக் கோபப்பட வைக்கிறது. பெட்டி தூக்குபவரிடம் தளர்த்துங்கள். கேமரா கேட்பவரிடம் இறுக்குங்கள்.

பதவி என்ன அதிகாரம் தருகிறது?

பேன்ஜோ ஆரம்பத்தில் நண்பர்கள் பக்கத்தில் இருக்கிறார்களா என்று காட்டும் செல்போன் செயலிதான். பேட்டன் அதோடு நின்றிருந்தால், 17 வயதுக் கதைக்காக அவரை விரட்டுவதை நான் எதிர்த்திருப்பேன். ஆனால் அவர் கேட்டது ஊரின் கண்களை. கறுப்பின மக்களையும் யூதர்களையும் ஒரு காலத்தில் எதிரி என்று நம்பியவர், அதே மக்கள் நடமாடும் தெருக்களில் யார் சந்தேகத்துக்குரியவர் என்று போலீஸுக்குச் சொல்லும் கருவியை விற்கிறார். அவர் மாறியிருக்கலாம். மாறியிருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த மக்களுக்கு அதைக் கேட்டறியவும், கேட்ட பிறகு சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவும் உரிமை இருந்தது. அந்த உரிமையை அவருடைய மௌனம் பறித்தது. தெருவில் வளர்ந்ததையும், கடற்படையில் இருந்ததையும், நாஸ்கார் பந்தயக் கார்களுக்கு மெக்கானிக்காக இருந்ததையும் பேட்டிகளில் பெருமையோடு சொன்னார். முதலீட்டாளர்களுக்கு அந்தக் கதை பிடித்தது. இந்த அத்தியாயம் மட்டும் அதில் இல்லை.

சொல்லியிருந்தால் எவன் பணம் போட்டிருப்பான் என்று கேட்பது நேர்மையான கேள்வி. சொன்னவர்கள் இருக்கிறார்கள். டெரெக் பிளாக், அமெரிக்க வெள்ளை இனவாதத் தலைவர் ஒருவரின் வாரிசு. கிளான் தலைவராக இருந்த டேவிட் டியூக்கின் ஞானப்பிள்ளை. 2013இல், இருபதுகளின் தொடக்கத்தில், அந்த இயக்கத்தை எதிர்த்துப் போராடும் அமைப்புக்கே கடிதம் எழுதித் தன் பழைய நம்பிக்கைகளைக் கைவிட்டதை அறிவித்தவர். அதற்காகக் குடும்ப உறவையே விலையாகக் கொடுத்தவர். இன்று எழுதுகிறார், பேசுகிறார். அவரைப் பழைய ஆவணம் காட்டி யாரும் மிரட்ட முடியாது.

பேன்ஜோவுக்கு ஒரு பின்கதை உண்டு. யூட்டா மாநிலத் தணிக்கையாளர் 2021இல் அந்த மென்பொருளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். துறையினர் செயற்கை நுண்ணறிவு என்று ஏற்கும் உத்தி எதுவும் அதில் இல்லை, விளம்பரம் செய்த அளவுக்குத் திறனும் இல்லை என்றது அறிக்கை. 2.07 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு ஆளையும் யாரும் பார்க்கவில்லை, சரக்கையும் பார்க்கவில்லை.

பேட்டன் விலகியது சரி. 1990க்காக இல்லை, 2019இல் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது யூட்டா மக்களிடம் மறைத்ததற்காக. காம்பிராட் தப்பித்தது சரியில்லை. 4014க்காக இல்லை; 1994இல் பாதியை மட்டும் சொன்னதற்காக, 2010இல் எங்டாலைப் புகழ்ந்ததற்காக.

அப்படிப்பட்ட இளமையிலிருந்து வெளியே வந்து இன்று ஒரு பொறுப்பை ஏற்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடும் முன்பு, உங்கள் வாயாலேயே, முழுவதையும் சொல்லிவிடுங்கள். யாரைக் காயப்படுத்தினீர்களோ அவர்களிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். நியமிக்கும் இயக்குநர்களே, முதலீட்டாளர்களே, அரசு அதிகாரிகளே, நீங்கள் கேளுங்கள். கேட்டதற்கு உண்மை சொன்னவருக்கு வேலை கொடுங்கள்.